குழந்தைச் சித்திரமும் இருண்ட பகடியும்: ஒரு மொழியியல் விளக்கம்

குழந்தைகளுக்கென்று வரையப்பட்ட எலியும் பூனையும் கரடியும், பெரியவர்களுக்கான படைப்புகளில் கொலைஞராகவும் குடியராகவும் போர்க்களத்துப் பிணமாகவும் மீண்டும் தோன்றுவது இன்று உலகெங்கும் பரவிய ஒரு கலைவகை. அமெரிக்காவில் வேரூன்றி வளர்ந்த இவ்வகை, பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் நம் இளைஞரின் கைப்பேசிகளில் இன்று இயல்பாக ஓடிக்கொண்டிருக்கிறது. பெற்றோர் பலர் இதைச் சீர்கேடு என்று வெறுக்கின்றனர்; இளைஞர் பலர் வெறும் வேடிக்கை என்று தள்ளுகின்றனர். இவ்விரு சாராரும் கேளாத வினா ஒன்று உண்டு. இது எவ்வாறு நகைப்பை விளைவிக்கிறது என்பதே அவ்வினா. அதற்கு விடை காண முற்பட்டால், சித்திரத்தைக் கடந்து மொழிக்கு வந்து சேர்கிறோம்.

இவ்வுரை நிறுவ முயலும் கருத்து ஒன்றே. ஒன்றைத் திரித்து நகைக்க வேண்டுமாயின், அது பேசுவோர் கேட்போர் இருவர் நெஞ்சிலும் முன்னரே பதிந்திருத்தல் வேண்டும். ஆகவே ஒரு மொழியில் எழும் பகடி, அம்மொழியில் ஒரு தலைமுறைக்குப் பொதுவான குழந்தைப் பருவம் வாய்த்திருந்தது என்பதற்குச் சான்று. இச்சான்று மலேசியத் தமிழில் எந்த அளவுக்கு உள்ளது என்பதே நம்மைக் கவலைகொள்ளச் செய்ய வேண்டியது.

சொல்லும் வரையறையும்

நாளிதழில் வரும் கருத்துப்படம், தொலைக்காட்சியில் ஓடும் அசைவூட்டப் படம் ஆகிய இரண்டையும் நாம் 'கார்ட்டூன்' என்ற ஒரே சொல்லால் வழங்குகிறோம். இவ்வுரையில் 'சித்திரப்படம்' என்பது பின்னதையும், அதனோடு ஒட்டி வளர்ந்த சித்திரக்கதையையும் குறிக்கும்.

பரிகாசம், விகடம் எனப் பொதுப்பொருள் தரும் 'பகடி' என்னும் சொல், இன்றைய திறனாய்வில் வரையறுத்த பொருளுடைய கலைச்சொல்லாகிவிட்டது. குறிப்பிட்ட ஒரு படைப்பின் வடிவத்தை ஏற்றுக்கொண்டு, அதன் உள்ளடக்கத்தைத் திரித்து நகைப்பூட்டுவது பகடி. அங்கதமோ உலகத்தாரின் குற்றங்களைச் சாடுவது. அதற்கு மூலப் படைப்பு ஒன்று இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. ஜார்ஜ் ஆர்வெல் 1945இல் வெளியிட்ட 'விலங்குப் பண்ணை' விலங்குக் கதையின் வடிவில் அமைந்த அங்கதம். குறிப்பிட்ட எந்தக் குழந்தைக் கதையையும் அது திரிக்கவில்லை. ஆதலின் அது பகடி ஆகாது.

'இருண்ட' என்னும் அடைமொழி, குழந்தை உலகிலிருந்து நாம் விலக்கி வைக்கும் சாவு, வன்முறை, காமம், நம்பிக்கையின்மை ஆகியவற்றைக் குறிக்கும்.

எள்ளலும் இளமையும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், நகை பிறக்கும் களங்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காக வகுக்கிறது. உரையாசிரியர்கள் இவற்றுள் இளமை என்பதைக் குழந்தைமையோடு இயைத்துக் காண்பர். மழலையின் பேச்சும் தளர்நடையும் நமக்குச் சிரிப்பை ஊட்டுகின்றன. அச்சிரிப்பில் இகழ்ச்சி இல்லை. எள்ளலால் பிறக்கும் சிரிப்பிலோ இகழ்ச்சியே உள்ளது.

குழந்தைச் சித்திரப்படம் பெரும்பாலும் இளமை, பேதைமை, மடன் ஆகிய மூன்றன் வழியே நகைப்பை ஊட்டுகிறது. அதனைத் திரிக்கும் இருண்ட பகடி, அம்மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின்மேல் நான்காவதாகிய எள்ளலை ஏற்றுகிறது. இகழ்ச்சியற்ற சிரிப்பும் இகழ்ச்சியுள்ள சிரிப்பும் ஒரே உருவத்தின்மேல் ஒரே கணத்தில் மோதுகின்றன. அவ்வுருவைக் காணும்போது நாம் சிரிப்பதும் கூசுவதும் ஒருங்கே நிகழ்வது இதனால்தான்.

பேராசிரியர் தம் உரையில் எள்ளலை மேலும் இரண்டாகப் பகுத்துக் காட்டுவார்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறர் தன்னை எள்ளியவழித் தான் நகுதல் மற்றொன்று. சிறந்த இருண்ட பகடி இரண்டாம் வகையைச் சார்ந்தது. அங்கே எள்ளப்படுவது எலியன்று. அவ்வெலியின் உலகம் உண்மை என்று நம்பியிருந்த நம் இளமையே எள்ளப்படுகிறது.

விளைவைத் திருப்பித் தருதல்

மேலைநாட்டு எடுத்துக்காட்டுகள் சிலவற்றைக் கொண்டு இதனைச் சோதித்துப் பார்க்கலாம். 1955இல் அமெரிக்காவின் 'மேட்' இதழில் ஹார்வி கர்ட்ஸ்மன் எழுத வில் எல்டர் வரைந்த மிக்கி எலிப் பகடி வெளிவந்தது. அதன் தொடக்கக் காட்சியில், வெள்ளைக் கையுறை அணியாமல் தெருவில் வந்த குற்றத்துக்காக ஒரு குதிரைப் பாத்திரத்தைக் காவலர் இழுத்துச் செல்வர். டிஸ்னி சித்திரங்களின் விலங்குகள் கையுறை அணிந்திருப்பதை எல்லாரும் கண்டிருந்தனர். ஏன் என்று எவரும் கேட்டதில்லை. பகடி அவ்வழக்கத்தைச் சட்டமாக்கிக் காட்டியது. இனிமையான அவ்வுலகம் எத்துணைக் கட்டுப்பாடு மிக்கது என்பது ஒரு கையுறையால் வெளிப்பட்டது.

1960களின் இறுதியில் லீ சாவேஜ் இயக்கிய, ஏறத்தாழ ஒரு நிமிடமே ஓடும் குறும்படமொன்றில், மிக்கி எலி படையில் சேர்ந்து வியட்நாமுக்குக் கப்பலேறுகிறது. இறங்கிய சற்று நேரத்தில் தலையில் குண்டு பாய்ந்து விழுகிறது. அதன் புன்னகை மெல்ல மறைகிறது. அவ்வளவே கதை. இரண்டாம் உலகப் போரின்போது டிஸ்னி நிறுவனம் போர்ப் பரப்புரைக்கெனச் சித்திரப்படங்கள் எடுத்ததை நினைவுகூர்ந்தால், இக்குறும்படத்தின் கூர்மை விளங்கும். போருக்கு அழைக்கும் சித்திரம் காட்டாமல் விட்ட இறுதிக் காட்சியை இது வரைந்து முடித்தது.

மூன்றாவது சான்று, 'சிம்ப்சன்ஸ்' தொடருக்குள் குழந்தைகள் பார்க்கும் தொடராகவே வரும் 'இட்சி–ஸ்கிராட்சி'. 1940இல் தொடங்கிய 'டாம் அண்ட் ஜெர்ரி'யில் பூனை எத்தனை முறை நசுங்கினாலும் மறுகணமே எழுந்து ஓடும். இட்சியும் ஸ்கிராட்சியும் அதே துரத்தலைத் துரத்துகின்றன. அங்கே குருதி கொட்டுகிறது, உறுப்பு அறுகிறது. சிரித்துக்கொண்டிருந்த நாம், இதுவரை எதைப் பார்த்துச் சிரித்துவந்தோம் என்று திடுக்கிடுகிறோம்.

மூன்றிலும் செயற்படும் விதி ஒன்றே. குழந்தைச் சித்திரம் செயலைக் காட்டி விளைவை மறைக்கிறது. இருண்ட பகடி வடிவத்தை மாற்றாமல், மறைக்கப்பட்ட விளைவை மட்டும் திருப்பித் தருகிறது.

இவ்விதியைக் கொண்டு தரத்தையும் அளக்கலாம். ஏ. ஏ. மில்னின் 'வின்னி த பூ' நூல் 1926இல் வெளிவந்தது. 2022இல் அமெரிக்காவில் அதன் பதிப்புரிமை முடிவுற்றதும், அக்கரடியைக் கொலைஞனாக்கி ஒரு திகிற்படம் எடுக்கப்பட்டு 2023இல் வெளியாயிற்று. மிக மோசமான படங்களுக்கு அமெரிக்காவில் வழங்கப்படும் 'கோல்டன் ராஸ்பெரி' விருதுகளில் 5 அப்படத்துக்குக் கிடைத்தன. மூலக்கதை மறைத்த எதையும் அப்படம் வெளிக்கொணரவில்லை. கரடி முகமூடி அணிந்த கொலைஞன் வருகிறான். முகமூடியைக் கழற்றிவிட்டாலும் கதை மாறாது. மூலத்தோடு உரையாடாத திரிபு, பகடியாகாமல் பெயர்க் கடனாகவே நின்றுவிடுகிறது.

நடைக்கும் பொருளுக்கும் உள்ள முரண்

சித்திரத்தில் வண்ணமும் இசையும் செய்யும் பணியை மொழியில் நடை செய்கிறது. குழந்தையிடம் பேசுவதற்கென்றே மொழிகள் தனி நடையொன்றை வைத்திருப்பதை, சார்லஸ் பெர்குசன் 1964இல் அரபு, மராத்தி முதலிய 6 மொழிகளை ஒப்பிட்டு விளக்கினார். தமிழிலும் சோறு 'மம்மு' ஆகிறது. நிலவு 'அம்புலி மாமா' ஆகிறது. அச்சம் 'பூச்சாண்டி' என்று உருவம் பெறுகிறது. இச்சொற்கள் காதில் விழுந்தவுடன், இங்கே தீங்கு ஒன்றுமில்லை என்ற உறுதி நமக்குள் எழுகிறது. அவ்வுறுதியே பகடிக்கு மூலதனம்.

தமிழுக்கு வாய்த்த மிக நுண்ணிய கருவி 'ஆம்' என்னும் ஈறு. 'ஒரு காட்டிலே ஒரு நரி இருந்ததாம்' என்னும்போது, அது கேள்விப்பட்ட செய்தி, சொல்பவர் அதற்குப் பொறுப்பல்லர் என்பது குறிப்பு. அதனால் அது கதைக்கே உரிய முத்திரையாயிற்று. இப்போது இதனைக் காண்க:

'ஒரு பட்டணத்திலே ஒரு முதலாளி இருந்தாராம். அவரிடம் ஐம்பது பேர் வேலை பார்த்தார்களாம். மூன்று மாதமாக ஒருவருக்கும் சம்பளமே இல்லையாம். அவர் மட்டும் புதுக் கார் வாங்கினாராம்.'

இதில் வசைச்சொல் ஒன்றுமில்லை. முதலாளி மூன்று மாத ஊதியத்தை வழங்கவில்லை என்று எழுதினால் அது செய்தி. 'ஆம்' சேர்ந்ததும் தொழிலாளர் அலுவலகத்துக்குச் செல்ல வேண்டிய முறையீடு தொட்டிலருகே சொல்லும் கதையாகிறது. அக்கதையே கடுமையான எள்ளலும் ஆகிறது. 'அவர் பெரிய அறிவாளியாம்' என்பதில் இதே ஈறு வெளிப்படையான ஏளனமாய் ஒலிப்பதை யாவரும் அறிவர். கதைக்குரிய 'ஆம்', ஏளனத்துக்குரிய 'ஆம்' என இரண்டும் ஓருருவாய் இருப்பதால், தமிழில் குழந்தைக் கதைக்கும் பகடிக்கும் இடையே ஓர் ஈற்றின் தொலைவே உள்ளது. மலாய் மொழியின் 'கோனோன்' என்னும் சொல்லும் பழங்கதையில் 'என்பர்' என்ற பொருளிலும், அன்றாடப் பேச்சில் ஐயமும் ஏளனமும் தோன்றவும் வழங்குவது ஒப்புநோக்கத் தக்கது.

நம் மரபில் இதன் முன்னோர்

கலைவகை புதிது, அதன் இயல்பு நமக்குப் புதிதன்று. விளக்கொளியில் திரைக்குப் பின்னிருந்து தோலுருவங்களை அசைக்கும் தோற்பாவைக் கூத்தை, அசைவூட்டப் படத்தின் முன்னோர்களுள் ஒன்று எனலாம். இராமாயணம் நிகழும் அத்திரையில்தான் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் தோன்றிக் கொச்சையும் கேலியுமாகப் பேசி அவையைச் சிரிக்க வைப்பர். கிளந்தான் நிழற்கூத்தில் பாக் டோகோலும் வாக் லோங்கும் இத்தகையோரே. காவியமும் அதன் கேலியும் ஒரே திரையில், ஒரே கலைஞரின் குரலில் இடம்பெற்றன. கேலியால் காவியம் கெட்டதென்று எவரும் கருதவில்லை.

எதிர்த்திசைப் பயணமும் உண்டு. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய 'பரமார்த்த குரு கதை' போலிக் குருமாரையும் மூடச் சீடரையும் எள்ளும் அங்கதம். 1822இல் பெஞ்சமின் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சேறிய அந்நூல், காலப்போக்கில் கூர்மை மழுங்கிச் சிறுவர் கதையாகிவிட்டது. பஞ்சதந்திரத்தின் நிலையும் இதுவே. அதன் முதல் தந்திரம், நரிகளின் சூழ்ச்சியால் நட்பு முறிந்து சிங்கம் எருதைக் கொல்லும் கொடிய அரசியல் கதை. இன்றைய சிறுவர் பதிப்புகள் அக்கொடுமையைத் தணித்தே தருகின்றன.

இந்நாட்டுக்கும் அந்நூலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. முன்ஷி அப்துல்லா 1835இல் தமிழிலிருந்தே பஞ்சதந்திரத்தை மலாயில் மொழிபெயர்த்தார். மலாய் உரைநடையின் முன்னோடியாகப் போற்றப்படுபவர் தமிழ்க் கதைநூல் ஒன்றை எடுத்துத் தம் மொழிக்கு வழங்கினார் என்பது, தமிழ் விலங்குக் கதை ஒருகாலத்தில் இந்நிலத்தின் பொதுச் செல்வமாகக் கருதப்பட்டதைக் காட்டும்.

குழந்தைக் கதை, பெரியோர் கதை என்ற எல்லை நிலையானதன்று என்பதே இவ்வரலாறு தரும் பாடம். சில படைப்புகள் இருளிலிருந்து ஒளிக்கும், சில ஒளியிலிருந்து இருளுக்கும் பெயர்கின்றன.

சட்டமும் எல்லையும்

பகடி பிறருடைய படைப்பைத் தொட்டே பிறப்பது. ஆகவே அது வழக்கு மன்றத்தையும் அடிக்கடி காண்கிறது. டான் ஓநீலும் தோழர்களும் 1971இல் டிஸ்னி பாத்திரங்களைப் போதையிலும் காமத்திலும் உழலவிட்டு 'ஏர் பைரட்ஸ்' என்னும் சித்திரக்கதை இதழ்களை வெளியிட்டனர். 1978இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், பகடிக்குத் தேவையான அளவினும் மிகுதியாக அவர்கள் படியெடுத்துள்ளனர் என்று டிஸ்னியின் பக்கம் தீர்ப்பளித்தது. 1994இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு பாடற்பகடி வழக்கில், மூலத்தையே விமரிசிக்கும் பகடி நியாயமான பயன்பாடு ஆகக்கூடும் என்று ஏற்றது.

நம் நாட்டின் நிலை பலரும் அறியாதது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 13(2) பிரிவில், பகடியாகவோ போன்மையாகவோ கேலிச்சித்திரமாகவோ செய்யப்படுவதை உரிமையாளரின் கட்டுப்பாட்டுக்குப் புறத்தே வைக்கிறது. பிரிட்டன் இத்தகைய விதிவிலக்கை 2014இல்தான் ஏற்படுத்தியது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் பகடியைப் பெயர் சுட்டிக் கூறவில்லை. எனினும் பதிப்புரிமைச் சட்டம் விலக்களிப்பதால் மட்டும் எதையும் செய்யலாம் என்று கொள்ளுதல் பிழை. ஆபாசமானதும் அச்சுறுத்துவதும் கடுமையாகப் புண்படுத்துவதுமான உள்ளடக்கத்தை இணையத்தில் பரப்புவது, 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவின்கீழ் குற்றமாகலாம்.

சட்டத்தினும் முதன்மையான எல்லை ஒன்று உண்டு. 2017இல், குழந்தைகள் விரும்பும் பாத்திரங்களின் உருவில் வன்முறையும் அருவருப்பும் நிறைந்த காணொளிகள் யூடியூபில் குழந்தைகளுக்கே எட்டும் வகையில் குவிந்திருப்பது உலக அளவில் கண்டனத்துக்குள்ளாயிற்று. அவை பகடி ஆகா. மூலமும் திரிபும் வேறுவேறு என்று அறியக்கூடியவர்க்கே பகடி உரியது. மூலத்தையே இன்னும் முழுமையாகப் பெறாத குழந்தையின்முன் திரிபை மூலம்போல் வைப்பது ஏமாற்று. பெற்றோரின் அச்சம் பொருந்துமிடம் இதுவே. இருபது வயது இளைஞரின் சிரிப்பின்மேல் அதனை ஏற்றுவது பொருந்தாது.

திரிப்பதற்கு நம்மிடம் என்ன உள்ளது?

மலேசியாவின் முதல் அசைவூட்டக் குறும்படமாகக் குறிக்கப்படும் 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்' 1983இல் ஒளிபரப்பாயிற்று. அதனை உருவாக்கியவர் பிலெம் நெகாரா நிறுவனத்தைச் சார்ந்த ஆனந்தம் சேவியர். 2007இல் தொடங்கிய 'உப்பின் இப்பின்' தொடரில் ராஜூ என்னும் தமிழ்ச் சிறுவனும் இருக்கிறான். ஆயினும் இரண்டும் மலாய்ப் படைப்புகள். 'பெத்துல்' என்னும் ஒரே சொல்லை மும்முறை அடுக்கும் இப்பினின் பேச்சை, கிள்ளானில் வளர்ந்த தமிழ் இளைஞரும் எளிதில் போலச்செய்து நகைப்பர். அது இந்நாட்டுக் குழந்தைப் பருவத்தின் பொதுச்சொத்து; அதில் நமக்கும் பங்குண்டு. அதனால் வருந்த ஒன்றுமில்லை.

தமிழில் இதற்கு இணையாக எது உள்ளது? 2007இல் சன் குழுமம் தொடங்கிய சுட்டி டிவி அயல்நாட்டுச் சித்திரப்படங்களைத் தமிழ்க்குரலில் தந்தது. டோராவின் துணையான குரங்குக்குப் புஜ்ஜி என்று பெயரிட்டது அம்மொழிமாற்றமே. அதனைக் கண்டு வளர்ந்தவர்கள் பெரியவர்களானதும், டோராவும் புஜ்ஜியும் வேலையின்மை, காதல் தோல்வி, அரசியல் ஆகியவற்றைப் பேசும் தமிழ் மீம்களில் இடம்பெற்றனர். மூலம் அயல்நாட்டது, எனினும் நினைவில் நின்றது தமிழ்க்குரல். ஆகவே பகடியும் தமிழிலேயே பிறந்தது. நன்கு அமைந்த மொழிமாற்றம்கூட ஒரு தலைமுறைக்குப் பொதுவான தமிழ் நினைவை உண்டாக்க வல்லது என்பதற்கு இது தெளிவான சான்று.

நம் நாட்டிலும் இதற்கான விதைகள் இல்லாமல் இல்லை. கிள்ளானைச் சேர்ந்த முரசு நெடுமாறன் இந்நிலத்துக் குழந்தைகளுக்கென்றே பாடல்கள் எழுதினார். 2022இல் வெளிவந்த மலேசியத் தமிழ்த் திகிற்படம் ஒன்று 'பூச்சாண்டி' என்று பெயர் பெற்றது. அது பகடியன்று. ஆயினும் தாய்மார் சோறூட்டும்போது சொன்ன ஒரு சொல், பெரியவர்களின் திரையரங்கிலும் அச்சத்தை எழுப்ப முடிந்தது என்றால், அச்சொல் நம் நெஞ்சில் வேரூன்றியிருக்கிறது என்பதே பொருள். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ள ஒரு நாட்டில், எல்லாப் பிள்ளைகளும் அறிந்த தமிழ்ச் சித்திரப் பாத்திரங்கள் சிலவேனும் இருத்தல் வேண்டாவா?

எனவே மொழி அமைப்புகளுக்கு இரு பணிகள் உள்ளன. ஒன்று, இடைநிலைப் பள்ளி மாணவர்க்குப் பகடியைப் படிக்கக் கற்பித்தல். செம்பொருள் அங்கதம், கரந்த அங்கதம் என்னும் பாகுபாடு தொல்காப்பியத்திலேயே உள்ளது. ஒரு திரிபு எதை வெளிப்படுத்துகிறது, எதை வெறுமனே கொச்சைப்படுத்துகிறது என்று பிரித்தறிய அது இன்றும் உதவும். அவ்வாறு பயின்றவர்க்குத் தடை தேவைப்படாது. தரமற்றதை அவர்களே ஒதுக்குவர். மற்றொன்று, மூலங்களைப் படைத்தல். சாங் கஞ்சிலைப் போலவும் உப்பின் இப்பினைப் போலவும், தமிழ் பேசும் சித்திரப் பாத்திரங்கள் இந்நாட்டின் தெருவிலும் வீட்டிலும் உலவுமாறு அவை அமைய வேண்டும்.

இன்று தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு பயிலும் பிள்ளை இருபதாண்டுக்குப் பின் எதைத் திரித்து நகைக்கும் என்பது, இன்று அதன் செவியில் எந்தக் குரல் விழுகிறது என்பதைப் பொறுத்தது. அப்பகடி முதியோராகிய நமக்கு உவப்பாய் இராது. சற்றுக் கூச்சமாகவும் இருக்கும். ஆயினும் அது தமிழில் இருக்குமானால், நம் தலைமுறை தன் கடமையைச் செய்தது என்று கொள்ளலாம்.